புகாராவுக்கு ஒரு வாரம், காசிக்கு ஒரு பொய்

கலைச்செல்வன் ஐம்பத்து மூன்று வயதுவரை சொன்ன பொய்களெல்லாம் ஒரே ரகம்தான்: "நாளைக்கு முடிஞ்சிடும் சார்." டைல்ஸ் மேஸ்திரிக்கு அந்தப் பொய் கரணை மாதிரி, அது கையில் இல்லாமல் வேலைக்கே கிளம்ப முடியாது. உத்திரமேரூரைச் சுற்றி எந்தப் புது வீட்டுக்குப் பால் காய்ச்சப் போனாலும் பாத்ரூம் தரை அவர் ஒட்டியதாக இருக்கும், வீட்டுக்காரரும் அந்தப் பொய்யை மறக்காமல் இருப்பார். அதனால் யாருக்கும் பெரிய கெடுதல் வந்ததில்லை. இந்தப் பங்குனியில்தான் அவர் தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பொய்யைச் சொன்னார். அதுவும் வெட்டிச் சின்னதாக்காமல், நாலடிக்கு ரெண்டடி டைல்ஸ் மாதிரி முழுசாக.

"காசிக்குப் போலாம்னு கீறேன்" என்றார் பெண்டாட்டி வளர்மதியிடம். "தனியா. ஒரு வேண்டுதல்."

அவர் போக இருந்த ஊர் புகாரா. உஸ்பெகிஸ்தானில் இருக்கிறது.

போன வருஷம் ஏனாத்தூரில் ஒரு மாடி வீட்டில், ஒட்டியது செட்டாகட்டும் என்று படிக்கட்டில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அந்த வீடியோ வந்து மாட்டியது. ஒரு பழைய ஊர். மண் நிறத்தில் தெருக்கள், நடுவில் அரசமர உயரத்துக்கு ஒரு நீலச் சுவர். சுவர் முழுக்கச் சின்னச் சின்னத் துண்டுகள். பூவும் கொடியும் எழுத்துமாக ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்திருந்தன. ஐநூறு வருஷம் ஆகிறது என்றார் வீடியோக்காரர். கலைச்செல்வன் தன்னையறியாமல் விரலை மடக்கிப் போன் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். டைல்ஸுக்கு அடியில் பொள்ளலா என்று தட்டிப் பார்ப்பது முப்பது வருஷப் பழக்கம். அவர் ஒட்டியது மூன்றே மாசத்தில் தூக்கிக்கொண்டதாக முந்தின வாரம்தான் மாகறலில் ஒருத்தர் கத்தியிருந்தார்.

வீடியோவின் கடைசியில் ஒரு குளம் வந்தது. கரையில் முசுக்கொட்டை மரம், மரத்தடியில் கட்டில் மாதிரி அகலமான பலகை, அதன்மேல் காலை மடக்கி ஒரு பெரியவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். வேறு ஒன்றும் செய்யவில்லை. அவரிடம் யாரும் "எப்ப முடியும்?" என்று கேட்கவில்லை. முட்டி தேய்ந்து, நாற்காலியிலிருந்து எழும்போதெல்லாம் முருகனைக் கூப்பிடும் நிலைக்கு வந்துவிட்ட கலைச்செல்வனுக்கு அந்தப் பலகைமேல் ஏழு நாள் உட்கார வேண்டும் என்று தோன்றியது. தனியாக. பிறகு அந்த நினைப்பு, மூலையில் விழுந்த விரிசல் மாதிரி, பூசப் பூச நீண்டுகொண்டே போனது.

மகள் கீர்த்திக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை, அங்கேயே ஆஸ்டல். விசா, டிக்கெட், ரூம் எல்லாம் அவள் போனிலேயே முடித்தாள். ஏழு நாளைக்கும் ஒரு திட்டம் போட்டு அனுப்பினாள். முதல் நாளே ஒரு கோட்டை, மூன்று மசூதி, ஒரு கோபுரம், ஒரு மியூசியம்.

"இன்னாம்மா இது, ஒரே நாள்ல ஆறு சைட்டா? நான் மேஸ்திரியா, மேஸ்திரிக்கு மேஸ்திரியா?"

"அவ்ளோ தூரம் போறயே நைனா, பாக்க வேணாமா?"

"ஒரு நாளைக்கு ஒரு செவுரு போதும். காலைல செவுரு. மத்தியானம் தூக்கம். சாயங்காலம் கொளத்தாண்ட டீ. அவ்ளோதான் எழுது."

கீர்த்தி எழுதினாள். ஏழு சுவர், ஏழு தூக்கம், ஏழு டீ. கலைச்செல்வன் அதைப் பிரிண்ட் எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கல்யாணப் பத்திரிகைக்குக்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அம்மாவிடம் தானே சொல்லிக்கொள்வதாகக் கீர்த்தியின் வாயை அடைத்திருந்தார். வீட்டில் நேராகச் சொல்லியிருக்கலாம். ஆனால் முதலில் டீக்கடையில் ஒரு வெள்ளோட்டம் விட்டார். உத்திரமேரூர் நிலப் புரோக்கர்கள் நாலு பேர் போன வருஷம் அந்த நாட்டுக்கு டூர் போய், வந்தபிறகு அவர்கள் போனிலிருந்த போட்டோக்களை வீட்டுப் பெண்கள் பார்த்துவிட, இரண்டு பேர் இன்னும் மாமனார் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். "உஸ்பெகிஸ்தான்னு ஒரு நாடு கீதாமே" என்று கலைச்செல்வன் ஆரம்பித்ததுதான். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி மூக்காலேயே சிரித்தார்.

"இன்னா மேஸ்திரி, இந்த வயசுலயா? முட்டி தாங்குமா?"

சுவரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் கடை முழுக்கச் சிரித்திருக்கும். ஆகவே காசி. காசிக்குத் தனியாகப் போகிற ஆம்பளையை இந்த ஜில்லாவில் யாரும் சந்தேகப்பட்டதில்லை. இரண்டுக்கும் வடக்கேதான் போகணும், இரண்டுக்கும் பிளேன்தான். இப்படித் தன் மூளையை மெச்சிக்கொண்டுதான் வளர்மதியிடம் சொன்னார். அவள் மாட்டுக்குத் தண்ணி காட்டியபடியே, "தனியாவா?" என்றாள். "தனியாதான்." "சரி, போயிட்டு வா." அவ்வளவுதான். அவள் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது அவருக்கே சுருக்கென்றது.

மறுநாள் காலை பால் சொசைட்டியில் ஒருத்தர் கால்மேல் விழுந்தார். கலைச்செல்வன் கால் தடுக்கிவிட்டதாக நினைத்துத் தூக்கப் போனார். "காசிக்குப் போற காலுய்யா" என்றார் அவர். சாயங்காலத்துக்குள் பதினெட்டு பேருக்குக் காசிக் கயிறும் ஒன்பது பேருக்குக் கங்கைத் தண்ணியும் ஒப்புக்கொண்டாயிற்று. "காசில புடிச்சது ஒண்ண வுட்டுட்டு வரணுமே, இன்னா வுடப்போற?" என்று கேட்டார்கள். "பாவக்கா" என்றார். "யோவ், புடிச்சதுய்யா!" பொய்யை விட்டால் போதும் என்று தோன்றியது, சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மானாம்பதி கூட்டு ரோட்டில் பேனர் கட்டியிருந்தார்கள். பதினைந்தடி. அவருடைய பாஸ்போர்ட் போட்டோ. பாஸ்போர்ட் போட்டோவில் யாராக இருந்தாலும் சாமியார் மாதிரிதான் இருப்பார்கள். அதற்குத் தோதாக நெற்றியில் கம்ப்யூட்டரிலேயே பட்டை அடித்து, பின்னால் கங்கையும் சிவனும். "தன்னந்தனியே காசி செல்லும் ஆன்மீகச் செம்மல்." கலைச்செல்வன் எக்ஸெல் வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைக்க மறந்து, வாயைத் திறந்தபடி நின்றார். லாரிக்காரன் ஒருத்தன் கும்பிட்டுவிட்டுப் போனான்.

இதையும் தாங்கியிருப்பார். கிளம்ப நாலு நாள் இருக்கும்போது ஆண்டாளம்மாள் வந்தாள்.

ஆண்டாளம்மாள் பதினொரு வருஷம் அவரிடம் சித்தாளாக இருந்தவள். கலவை அவள் கலந்தால் தண்ணி ஒரு சொட்டு கூடாது, குறையாது. அவள் புருஷன் ஏகாம்பரம் மணல் தூக்குவார். தூக்கிய நேரத்தைவிடப் பேசிய நேரம் அதிகம். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் மணல் சட்டியை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தவர் எழவில்லை.

கலைச்செல்வன் நாஷ்டா தின்றுகொண்டிருந்தார். அவள் கேட்டுக்கு வெளியே நின்றாள். கையில் மஞ்சத் துணியில் கட்டிய ஒரு செம்பு.

"உள்ள வாக்கா, இட்லி துன்னு."

"இத்த வூட்டுக்குள்ள கொணாரக் கூடாது மேஸ்திரி. நீ வெளிய வா."

வந்தார்.

"அவருதான்" என்றாள், செம்பைக் காட்டி. "பாதிய அன்னிக்கே ஆத்துல வுட்டாச்சி. மீதிய காசிக்குன்னு புங்கமரத்துல கட்டி வெச்சிருந்தேன். வடக்கால ஒரு தபா போவணும், வடக்கால ஒரு தபா போவணும்னு கடசி வரைக்கும் சொல்லிக்கினே கெடந்த மனுசன். என்னால இட்டுக்கினு போவ முடியுமா? நேத்து நீ போற சேதி கேட்டதும் மரத்தாண்ட போயி சொல்லிட்டேன். மேஸ்திரி இட்டுக்கினு போறாருய்யா, கெளம்புன்னு."

கலைச்செல்வன் வாயிலிருந்த இட்லி முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை.

"அக்கா... இது... திரும்ப மரத்துலயே..."

"மரத்துலேர்ந்து எறக்கியாச்சி. இனிமே ஏத்தக் கூடாது. வூட்லயும் வெக்கக் கூடாது, கீழயும் வெக்கக் கூடாது. தண்ணியப் பாக்கற வரைக்கும் போய்க்கினேதான் இருக்கணும்." அவள் செம்பை நீட்டினாள். "நீயாங்காட்டி குடுக்கறேன். வேற எவங்கிட்டயும் குடுக்க மாட்டேன்."

மறுப்பு சொல்ல வேண்டிய வாய்தான். "குடுக்கா" என்றது.

அதற்கப்புறம் ஏகாம்பரம் எக்ஸெல் வண்டியின் ஹேண்டில்பாரில் தொங்கினார். கீழே வைக்கக் கூடாதே. வேலைக்குப் போனால் சைட்டில் ஜன்னல் கம்பியில் தொங்கினார். ராத்திரி மாட்டுக்கொட்டகைக் கம்பத்தில். டைல்ஸ் வெட்டும் மெஷின் கத்தும்போதெல்லாம் செம்பு லேசாக அதிர்ந்தது. உயிரோடு இருந்தபோதும் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசித்தான் பழக்கம். கலைச்செல்வன் அன்று ஒட்டிய வரிசை கோணலாகப் போய், பிரித்து மறுபடி ஒட்டினார்.

மனுஷனுக்கு நல்ல புத்தி வருவதற்கு முன்னால் சமயோசித புத்தி வந்துவிடுகிறது. மறுநாள் மத்தியானம் அவர் மாகறலுக்கு வண்டியை விட்டார். செய்யாற்றில் கரைத்துவிடுவது. திரும்பும்போது டில்லியில் சீல் வைத்த கங்கைச் செம்பு விற்கிற கடை இல்லாமலா போகும்? யாருக்குத் தெரியப்போகிறது? ஏகாம்பரத்துக்குத் தெரியும், ஆனால் அவர் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டிருக்கிறார்.

ஆறு மணலாகக் கிடந்தது. ஒரு சொட்டு இல்லை. சரி, மணலிலாவது குழி பறித்து, மழை வந்தால் தானே போகும் என்று மனசுக்குள் வழக்காடிக்கொண்டே மஞ்சத் துணி முடிச்சை அவிழ்த்தார். செம்பின் வாயில் வேட்டித் துண்டு சுற்றியிருந்தது. துணிக்கும் செம்புக்கும் நடுவில் ஏதோ செருகியிருந்தது. எடுத்தார். ஒரு கட்டு பீடி. ஒரு தீப்பெட்டி. நாலாக மடித்த ஒரு தோள் துண்டு.

வழிக்கு.

அந்தப் பீடி ஏகாம்பரம் குடிக்கிற அதே மார்க். துண்டு துவைத்து நீலம் போட்டது. தூர தேசம் போகிற புருஷனுக்கு ஒரு பெண்டாட்டி எடுத்து வைக்கிற சாமான்.

கலைச்செல்வன் சிரிக்கத்தான் போனார். சிரிப்பு வரும் என்றுதான் வாயைத் திறந்தார். வந்தது வேறு. சுடுமணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த பிறகும் செம்பைக் கீழே வைக்காமல் மடியில் வைத்திருக்கிறோம் என்பதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தார். தன்னைப் பற்றி அவருக்குப் பெரிய மதிப்பு எப்போதும் இருந்ததில்லை. ஆனால் ஒரு பொய்யை மூட இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிற ஆள் என்று தெரியாது. துணியை மறுபடி முடிச்சுப் போட்டு, வண்டியை ஊர்ப் பக்கம் திருப்பினார்.

ஆண்டாளம்மாள் ஏரிக்கரையில் நூறு நாள் வேலை முடித்து மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் சொன்னார். மாகறல் மணலையும் விடவில்லை.

அவள் மண்வெட்டியைத் திருப்பி மறுபக்கத்தையும் கழுவினாள். மண்வெட்டியிலிருந்து தண்ணி சொட்டியது.

"பொண்ணு கிண்ணு எதுனா கீதா அங்க?"

"ஐயோ, இல்லக்கா."

"அப்ப இன்னாதான் கீது?"

"டைல்ஸ்."

"டைல்ஸா?"

"செவுரு பூரா டைல்ஸ். ஐநூறு வருஷமா ஒண்ணுகூடப் பேந்து வரலயாம்."

"மெய்யாலுமே செவுத்தப் பாக்கத்தான் போறியா?"

"மெய்யாலுமே."

"பொண்ணுன்னாகூட ஒத்துக்கினு இருப்பேன்" என்றாள். "செவுத்துக்காகவாய்யா சாமி பேரச் சொல்லி பொய் சொன்ன? உன் கையால ஒட்டுன செவுரே ஊரு பூரா கீதேய்யா!" அவள் குரல் மேலே போனது, கரையிலிருந்த பெண்கள் திரும்பினார்கள். அவள் குரலை இறக்கினாள். இறக்கியதுதான் மோசமாக இருந்தது. "நான் அவராண்ட சொல்லிட்டேனே மேஸ்திரி. கெளம்புன்னு சொல்லிட்டேனே. இப்ப நான் போயி இன்னான்னு சொல்லட்டும்? எந்த மரத்தாண்ட போயி சொல்லட்டும்?"

செம்பை வாங்கிக்கொள்வாள் என்று கையை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"நீ வாங்கின. நீதான் இட்டுக்கினு போவணும்." தலைச்சும்மாட்டை உதறித் தோளில் போட்டாள். "மொதல்ல வூட்ல சொல்லு. வளருக்குச் சொல்லாம எங்கிட்ட வந்து சொல்றான் பாரு."

வீட்டுக்குப் போனார். வளர்மதி வாசலில் புல்லுக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வண்டியிலிருந்து இறங்காமலேயே சொன்னார்; இறங்கினால் தைரியம் போய்விடும். சொல்லி முடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். புல்லுக்கட்டு மேலே விழும் என்று எதிர்பார்த்தார்.

"அப்ப நீ போவலயா?" என்றாள் வளர்மதி. குரலில் பயம்.

கண்ணைத் திறந்தார். "இன்னா?"

"எங்கயோ ஒரு எடத்துக்குப் போற இல்ல? ஒரு வாரம்? அத்தச் சொல்லு மொதல்ல."

"உனக்குக் கோவம் வரலயா?"

"கோவம் தனியா வரும். அது எங்க போவுது." அவள் புல்லைக் கீழே போட்டாள். "நீ காசின்னு சொன்ன அன்னிக்கே நான் எங்க அக்காகிட்ட வராதன்னு சொல்லிட்டேன். கீர்த்திய ஆஸ்டல்லயே தங்கிக்கச் சொல்லிட்டேன். ஏழு நாளு. ஒரு வேள கஞ்சி. மத்தியானம் ஃபேனப் போட்டுக்கினு தூக்கம். சாயங்காலம் எனக்கு மட்டும் ஒரு டம்ளர் டீ. மாட்டுக்குப் புல்லு போட்டா அது எதுவும் கேக்காது. முப்பது வருசத்துல நீ ஒரு நாளு வெளியூரு தங்கியிருக்கியாய்யா? இப்ப வந்து காசி இல்லன்ற."

கலைச்செல்வன் சட்டைப் பையைத் தொட்டார். தூக்கம், டீ. அவர் திட்டத்தில் பிளேனும் சுவரும் மட்டும்தான் அதிகம். முப்பது வருஷம் பக்கத்திலேயே படுத்திருந்தவள் இதே வாரத்தை யோசித்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள். அதிர்ச்சியில் வண்டி ஸ்டாண்டைப் போடாமல் இறங்கி, செம்போடு சாயப் போனார். அவள்தான் ஹேண்டிலைப் பிடித்தாள்.

"பாத்து! அந்த ஆளு வேற கீறாரு" என்றாள். பிறகு, தணிந்து, "செவுத்தப் பாக்கப் போறேன்னு சொன்னா நான் இன்னா கட்டிப் போட்டா வெச்சிருப்பேன்?" என்றாள். அதற்கப்புறம் இரண்டு நாள் பேசவில்லை. சொன்னபடியே, கோபம் தனியாக வந்து சேர்ந்தது.

கீர்த்தி போனில் எல்லாவற்றையும் மாற்றினாள். முதலில் காசி, ஒரு நாள் கழித்து டில்லி, அங்கிருந்து தாஷ்கண்ட். ஏழு சுவரில் இரண்டு போயிற்று. ஆண்டாளம்மாள் இறப்புச் சான்றிதழ் நகலைக் கொண்டுவந்து கொடுத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. "கரைக்கறப்ப போன்ல காட்டணும். மொகத்தோட காட்டற போன்ல. நீ சொல்லி நான் நம்பறதா இல்ல" என்றாள்.

சென்னை ஏர்போர்ட்டில் சோதனை செய்யும் அதிகாரி துணி மூட்டையைக் காட்டி இந்தியில் என்னவோ கேட்டார். கலைச்செல்வனுக்குத் தெரிந்த இந்தி, டைல்ஸ் ஒட்ட வந்த பீகார் பையன்களிடம் கற்ற 'சீக்கிரம், சீக்கிரம்' மட்டும்தான். "சார், இது ஏகாம்பரம்" என்றார். சான்றிதழை நீட்டினார். அதிகாரி படித்துவிட்டு, செம்பைப் பார்த்துக் கைகூப்பினார். தீப்பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார். பிளேன் இரண்டு மணி நேரம் லேட். கீழே வைக்கக் கூடாது, போய்க்கொண்டே இருக்க வேண்டும். கலைச்செல்வன் தேய்ந்த முட்டியோடு, நெஞ்சோடு அணைத்த மூட்டையோடு, அந்தக் கண்ணாடிக் கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். பளபளவென்று கிரானைட். பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

காசியில் விடிந்து கொஞ்ச நேரம். படகுக்காரர் நடு ஆற்றில் துடுப்பை நிறுத்தினார். கலைச்செல்வன் போனை நீட்டிப் பிடித்தார். திரையில் வளர்மதி தெரிந்தாள். அவள் போனைத் திருப்ப, ஆண்டாளம்மாள் தெரிந்தாள். தலைக்குக் குளித்திருந்தாள். தலையாட்டினாள்.

அவர் துணியை அவிழ்த்தார். பீடிக்கட்டை மெதுவாக முதலில் விட்டார், பிறகு துண்டை, பிறகு செம்பைச் சாய்த்தார். சாம்பல் ஒரு நிமிஷம் மேலேயே நின்று, பிறகு ஏதோ கூப்பிட்ட மாதிரி சட்டென்று கீழே போனது.

"எறங்கிட்டாரா?" என்றாள்.

"எறங்கிட்டாருக்கா."

அழுவாள் என்று நினைத்தார். அவள் திரையோடு கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேஸ்திரி, இது இன்னா?"

"எது?"

"இதான், சுத்தி. இவ்ளோவும் தண்ணியா?"

"தண்ணிதான்க்கா."

"பொய் சொல்லல இல்ல?"

"இல்லக்கா."

"இவ்ளோ தண்ணியாய்யா! நம்ம ஏரி நாப்பது உள்ள போவும் போலக்கீதே. இதுலயா அவரு கீறாரு?" அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். "அந்தாண்ட காட்டு. அந்தக் கர எங்க கீது?"

மத்தியானம் டில்லி பிளேன். அறைக்குப் போய்ப் பெட்டி எடுக்க வேண்டும். படகுக்காரர், திரும்பலாமா என்று கரையைக் கையால் காட்டினார். போனில் சார்ஜ் பதினாலு சதவீதம்.

கலைச்செல்வன் இடது கையால் தண்ணியை அள்ளி, போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், விரலிடுக்கில் ஒழுகுவதைக் காட்டினார். பிறகு படகில் முட்டி போட்டு நிமிர்ந்து, அவள் ஒரு கரையையும் தவற விடாதபடி, போனை மெதுவாக, ரொம்ப மெதுவாகத் திருப்ப ஆரம்பித்தார்.